உலக நிர்வாண மிதிவண்டிப் பயணம்

உலக நிர்வாண மிதிவண்டிப் பயணம் என்பது, எண்ணெய் முதலான புதைபடிவ எரிபொருள்களைச் சார்ந்திருப்பதை எதிர்த்தும், சாலைகளில் மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாப்பை வலியுறுத்தியும், பங்கேற்போர் தாம் விரும்பும் அளவுக்கு ஆடை களைந்து கூட்டமாக மிதிவண்டியில் செல்லும் எதிர்ப்பு நிகழ்வு ஆகும். கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த சமூகச் செயற்பாட்டாளரும் ஆவணப்படக் கலைஞருமான கான்ராட் ஷ்மிட் இதனைத் தொடங்கியவராகக் கருதப்படுகின்றார். முதற் பயணம் 2004 ஜூன் 12 அன்று 10 நாடுகளைச் சேர்ந்த 28 நகரங்களில் நடைபெற்றது. 2010 ஆம் ஆண்டளவில் இது 17 நாடுகளின் 74 நகரங்களுக்குப் பரவியிருந்தது. வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் ஜூன் மாதத்திலும், தென் அரைக்கோளத்தில் பெரும்பாலும் மார்ச் மாதத்திலும் நடத்தப்படுகின்றது. இரண்டும் ஆடையின்றி வெளியில் நிற்கக்கூடிய வெப்பநிலை நிலவும் மாதங்கள் என்பதே இத்தேர்வுக்குக் காரணம்.

பெயர்

ஆங்கிலத்தில் இது 'வேர்ல்டு நேக்கட் பைக் ரைடு' என அழைக்கப்படுகின்றது. பெயரில் உள்ள 'நிர்வாணம்' என்ற சொல் சற்றுத் தவறான எண்ணத்தைத் தரக்கூடும். முழு நிர்வாணம் இதில் கட்டாயம் அன்று. 'பேர் ஆஸ் யூ டேர்' என்பது இப்பயணத்தின் முழக்கம். துணிவுள்ள அளவுக்கு ஆடை களையலாம் என்பது அதன் பொருள். எனவே உள்ளாடையுடன் வருவோர், நீச்சலுடையில் வருவோர், உடல் முழுதும் வண்ணம் தீட்டிக்கொண்டு வருவோர், தொப்பி மட்டும் அணிந்து வருவோர், முழு ஆடையுடன் வருவோர் என எல்லா வகையினரையும் ஒரே கூட்டத்தில் காணலாம்.

இது பந்தயம் அன்று. முந்துவதும் வெல்வதும் இதில் இல்லை. கூட்டத்தில் மிக மெதுவாகச் செல்பவரின் வேகமே பயணத்தின் வேகம் ஆகும். எசுப்பானியத்தில் 'ஸிக்ளோநுதிஸ்தா' என்ற சொல் வழங்குகின்றது. 'மிதிவண்டி', 'நிர்வாணர்' என்ற இரு சொற்களையும் இணைத்து ஆக்கிய சொல் இது.

பின்னணி

2004 இல் தொடங்கிய இப்பயணத்துக்கு வேர்கள் பல உண்டு. அவற்றுள் முதன்மையானது 'கிரிட்டிக்கல் மாஸ்' எனப்படும் கூட்டு மிதிவண்டி ஓட்டம். இது ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1992 செப்டம்பர் மாதத்தில் தொடங்கியது. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலையில் மிதிவண்டி ஓட்டுவோர் ஒன்றுகூடி நகரச் சாலைகளை நிறைத்துக்கொண்டு செல்வர். தலைவர் இல்லை, முன்கூட்டியே வரையறுத்த வழியும் பெரும்பாலும் இல்லை. சீன நகரங்களின் விளக்கில்லாச் சந்திப்புகளில், மிதிவண்டிகள் போதிய எண்ணிக்கையில் சேரும்வரை காத்திருந்து, பின் ஒரே கூட்டமாகத் தானுந்துகளை (கார்களை) நிறுத்தித் தெருவைக் கடக்கும் வழக்கத்தை அந்நாளில் வெளிவந்த ஓர் ஆவணப்படம் விவரித்திருந்தது. அணு இயற்பியலில் தொடர்வினை நிகழத் தேவையான குறைந்த அளவுப் பொருளைக் குறிக்கும் சொல் அவ்வழியே இவ்வியக்கத்தின் பெயராயிற்று. தலைமையகம் இல்லாமல் நகரந்தோறும் தானே முளைக்கும் அமைப்புமுறையை நிர்வாண மிதிவண்டிப் பயணம் இதனிடமிருந்தே பெற்றது எனலாம்.

இரண்டாவது வேர் எசுப்பானியாவில் உள்ளது. அந்நாட்டின் அராகோன் பகுதியைச் சேர்ந்த சரகோசா நகரில் 2001 ஆம் ஆண்டிலேயே மிதிவண்டி ஓட்டுவோர் ஆடை களைந்து ஊர்வலம் சென்றனர். 'போக்குவரத்தின் முன் நிர்வாணமாக நிற்கிறோம்' என்னும் கருத்தை இவர்கள் முன்வைத்தனர். இங்கு நிர்வாணம் கவன ஈர்ப்புக்கான உத்தி மட்டும் அன்று. கவசம் ஏதுமின்றிச் சாலையில் செல்லும் ஒருவரின் அன்றாட நிலைக்கு அது உவமை. பிற்காலத்தில் உலகப் பயணத்தின் மையக் கருத்தாக ஆனதும் இதுவே.

மூன்றாவது வேர் ஈராக் போருக்கு எதிரான இயக்கம் ஆகும். 2002 நவம்பரில் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 50 பெண்கள் ஆடையின்றிப் புல்வெளியில் படுத்து, 'அமைதி' என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைத் தம் உடல்களால் எழுதினர். அந்நிழற்படம் உலகெங்கும் பரவியது. இதையொத்த எதிர்ப்புகள் பல இடங்களில் நிகழ்ந்தன. 2003 இல் வான்கூவரில் போருக்கு எதிரான கலைஞர் குழு ஒன்று நிர்வாண மிதிவண்டி ஓட்டங்களை நடத்தியது. எண்ணெய்க்கான தேவையே போருக்குக் காரணம், அத்தேவையை நாள்தோறும் வளர்ப்பது தானுந்து என்பது அவர்களது வாதம். மிதிவண்டி அந்த வாதத்தின் மறுபாதியாக அமைந்தது.

இவற்றோடு, சியாட்டில் நகரின் பிரீமான்ட் பகுதியில் ஆண்டுதோறும் நடைபெறும் கோடைக்கால ஊர்வலத்தில் 1990களின் தொடக்கம் முதல் நிர்வாண மிதிவண்டி ஓட்டுவோர் கலந்துகொண்டு வருவதையும் குறிப்பிடலாம். அது எதிர்ப்பு நிகழ்வு அன்று, கொண்டாட்டமே. எனினும் உடலில் வண்ணம் தீட்டிக்கொள்ளும் வழக்கத்தைப் பரவலாக்கியதில் அதற்குப் பங்குண்டு.

தொடக்கமும் பரவலும்

கான்ராட் ஷ்மிட் வான்கூவரில், குறைவாக வேலை செய்து, குறைவாக நுகர்ந்து வாழ்வதை வலியுறுத்தும் 'ஒர்க் லெஸ் பார்ட்டி' என்னும் சிறு அரசியற் கட்சியைத் தொடங்கியவர். வேலை நேரம் குறைந்தால் உற்பத்தியும் நுகர்வும் குறைந்து சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் கேடும் குறையும் என்பது அக்கட்சியின் கொள்கை. வான்கூவர் ஓட்டங்களில் கிடைத்த பட்டறிவைக் கொண்டு, ஒரே நாளில் பல நாடுகளில் இதனை நடத்தலாம் என்ற எண்ணத்தை அவர் 2003 இல் முன்வைத்தார். எசுப்பானியக் குழுவினர் இதற்கு இசைந்தனர். போர் எதிர்ப்பிலிருந்து வந்த ஒரு நீரோட்டமும், சாலைப் பாதுகாப்பிலிருந்து வந்த மற்றொரு நீரோட்டமும் 2004 ஜூன் 12 அன்று இவ்வாறு ஒன்று கலந்தன.

முதல் ஆண்டில் பங்கேற்றோர் தொகை பல நகரங்களில் சிறியதே. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஏறத்தாழ 125 பேர் வந்தனர். இலண்டனில் வந்தவர்கள் 100 பேருக்கும் குறைவு.

2006 அளவில் முழக்கத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை எண்ணெய்ச் சார்பும் போரும் முன்னிலையில் இருந்தன. அதன் பின்னர் மிதிவண்டிப் பயன்பாட்டை ஊக்குவித்தல் என்ற எளிய செய்தி முன்னுக்கு வந்தது. பல நாடுகளில், பல அரசியற் சூழல்களில் நடக்கும் நிகழ்வுக்கு எளிய செய்தியே ஏற்றது என அமைப்பாளர்கள் கருதினர். இதனால் பயணம் பரவுவது எளிதாயிற்று. ஆனால் அதன் அரசியற் கூர்மை மழுங்கத் தொடங்கியதும் அப்போதுதான் என்று கூறுவோரும் உளர்.

இப்பயணத்துக்கென்று உலகளாவிய நிருவாகம் ஏதும் கிடையாது. ஒவ்வொரு நகரத்தின் தன்னார்வலர்களும் நாள், வழி, விதிமுறை ஆகியவற்றைத் தாமே முடிவு செய்கின்றனர். பங்கேற்கக் கட்டணம் இல்லை. வணிக நிறுவனங்களின் விளம்பர ஆதரவைப் பெறுவதில்லை என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் நெறி.

ஏன் நிர்வாணம்?

இப்பயணத்தைப் பற்றிக் கேள்விப்படும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. மிதிவண்டிக்கும் ஆடையின்மைக்கும் என்ன தொடர்பு?

பங்கேற்போர் தரும் முதல் விடை, சாலையில் மனித உடலின் பாதுகாப்பற்ற நிலை பற்றியது. இதனை எளிய கணக்கு ஒன்றால் விளக்கலாம். மிதிவண்டியும் அதனை ஓட்டுபவரும் சேர்ந்து 85 கிலோகிராம் எடையும், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகமும் உடையவர் எனக் கொள்வோம். அவரது இயக்க ஆற்றல் ஏறத்தாழ 740 யூல். 1500 கிலோகிராம் எடையுள்ள தானுந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,45,000 யூல். அதாவது கிட்டத்தட்ட 200 மடங்கு. இவ்விரண்டும் மோதும்போது பருத்திச் சட்டை ஒன்று அணிந்திருப்பதும் அணியாதிருப்பதும் ஏறக்குறைய ஒன்றே. இரும்புக் கூட்டுக்குள் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு மிதிவண்டியில் செல்பவர் சாலையின் ஓர் இடையூறாகவே தெரிகின்றார். அவரும் தோலும் எலும்பும் உள்ள மனிதர் என்பது தெரிவதில்லை. ஆடையைக் களைந்தால் அது தெரியும் என்பது இவர்களின் வாதம். 'இப்போதாவது என்னைப் பார்க்கிறாயா?' என்னும் பொருளில் முதுகில் எழுதிக்கொண்டு வருவோரைப் பல நகரங்களில் காணலாம். உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 இலட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கின்றனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நடந்து செல்வோர், மிதிவண்டி ஓட்டுவோர், இரு சக்கர மோட்டார் வண்டிகளில் செல்வோர் ஆகியோரே.

இரண்டாவது விடை எரிபொருள் பற்றியது. 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் பெட்ரோல் எரிக்கும் தானுந்து, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2.4 மெகாயூல் ஆற்றலைச் செலவிடுகின்றது. அதே தொலைவை மிதிவண்டியில் கடக்க ஏறத்தாழ 0.1 மெகாயூல் அளவுள்ள உணவு போதும். வேறுபாடு 20 மடங்குக்கும் மேல். மனித உடல் என்ற இயந்திரத்தின் இத்திறனை, அவ்வுடலையே காட்சிப்படுத்திச் சொல்வது பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று.

மூன்றாவது விடை உடல் பற்றிய நாணம். விளம்பரங்கள் காட்டும் உடல்கள் மட்டுமே அழகானவை என்ற எண்ணத்துக்கு மாறாக, முதியோர், பருமனானோர், அறுவை மருத்துவத் தழும்பு உள்ளோர் என எல்லாரும் இயல்பாகக் கலந்து செல்வது தமக்கு விடுதலை உணர்வைத் தருவதாகப் பங்கேற்றோர் பலர் கூறுகின்றனர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 2009 முதல் நடைபெறும் பயணத்தில் இக்கருத்துக்கு எரிபொருள் எதிர்ப்புக்கு இணையான இடம் அளிக்கப்படுகின்றது.

இம்மூன்றனுள் முதலாவதே வலிமையானது என்று தோன்றுகின்றது. மற்ற இரண்டையும் ஆடையோடும் சொல்லலாம், மிதிவண்டி இன்றியும் சொல்லலாம். முதலாவதற்கு மட்டுமே சாலையும் மிதிவண்டியும் ஆடையற்ற உடலும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

ஆவணப்படம்

முதல் ஆண்டுப் பயணத்தைப் பற்றி 2004 இல் ஓர் ஆவணப்படம் எடுக்கப்பட்டது. 'இன்டீசன்ட் எக்ஸ்போஷர் டு கார்ஸ்' என்ற அதன் தலைப்பில் ஒரு சிலேடை உள்ளது. 'இன்டீசன்ட் எக்ஸ்போஷர்' என்பது பொது இடத்தில் அநாகரிகமாக உடலைக் காட்டும் குற்றத்துக்கு ஆங்கிலச் சட்டவழக்கில் உள்ள பெயர். 'எக்ஸ்போஷர்' என்ற சொல்லுக்கோ உடலைக் காட்டுதல் என்ற பொருளோடு, தீங்கான ஒன்றுக்கு ஆட்படுதல் என்ற பொருளும் உண்டு. புகைக்கும் விபத்துக்கும் மனிதரை ஆட்படுத்தும் தானுந்துகளே அநாகரிகமானவை என்பது தலைப்பு சொல்லும் செய்தி. பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் இதே கருத்து இன்னும் சுருக்கமாக ஒரு முழக்கமாயிற்று: ஆபாசமானது போக்குவரத்தே.

நடைபெறும் முறை

பயணம் பொதுவாக நகரப் பூங்கா ஒன்றில் தொடங்கும். பங்கேற்போர் ஓரிரு மணி நேரம் முன்னதாகவே வந்து, ஒருவர் முதுகில் மற்றவர் வண்ணம் தீட்டுவர், முழக்கங்களை எழுதுவர், காற்றழுத்தத்தையும் நிறுத்துகளையும் சரிபார்ப்பர். பெரும்பாலானோர் பூங்காவுக்கு ஆடையுடன் வந்து, புறப்படும் நேரத்திலேயே அதைக் களைகின்றனர். களைந்த ஆடைகளைப் பையிலிட்டு வண்டியிலேயே எடுத்துச் செல்லும்படி அமைப்பாளர்கள் அறிவுறுத்துவது வழக்கம். பயணம் எப்போதும் தொடங்கிய இடத்திலேயே முடிவதில்லை என்பதால் இது முக்கியமானது.

பயணத் தொலைவு நகருக்கு நகர் மாறுபடும். மிகவும் பழகாதவரும் ஓட்டக்கூடிய 10 முதல் 15 கிலோமீட்டர் தொலைவே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றது. சந்திப்புகளில் கூட்டம் சிதறாதிருக்கத் தன்னார்வலர் சிலர் முன்னே சென்று பக்கச் சாலையின் குறுக்கே வண்டியை நிறுத்தி, பின்வருவோர் அனைவரும் கடக்கும்வரை தானுந்துகளைக் காக்க வைப்பர். புட்டிக்குத் தக்கை இடுவது போன்றது என்பதால் இதற்குக் 'கார்க்கிங்' என்று பெயர். சில நகரங்களில் காவல்துறையே இப்பணியைச் செய்கின்றது. ஒலிபெருக்கி பூட்டிய இழுவண்டிகளில் இசையும் உடன் வரும்.

புதிதாக வருவோர்க்குத் தரப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் நடைமுறை சார்ந்தவை. இருக்கையின் மேல் துணி ஒன்றை விரித்துக்கொள்ளல் வேண்டும். இது வசதிக்கும் தூய்மைக்கும் உரியது. காலணியும் தலைக்கவசமும் களையப்படுவதில்லை. வழக்கமாக வெயில் படாத பகுதிகள் எளிதில் கருகும் என்பதால் வெயில் காப்புப் பசை பூசிக்கொள்ள வேண்டும். இணக்கமின்றி எவரையும் தொடுவதும், அண்மையில் நின்று நிழற்படம் எடுப்பதும் கண்டிக்கப்படும். பாலியல் நோக்குள்ள நடத்தை பயணத்திலிருந்து வெளியேற்றப்படுவதற்கு உரிய காரணமாகும்.

சில நகரங்கள்

போர்ட்லண்ட்: ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள இந்நகரமே இப்பயணத்தின் மிகப் பெரிய கூட்டங்களைக் கண்டது. 2010களின் நடுப்பகுதியில் பங்கேற்றோர் தொகை ஏறத்தாழ 10,000 என மதிப்பிடப்பட்டது. இங்கு பயணம் இரவில் நடைபெறுவது வழக்கம். நகரில் ஒவ்வொரு கோடையிலும் நிகழும் 'பெடல்பலூசா' என்ற மிதிவண்டித் திருவிழாவின் பகுதியாக இது வளர்ந்தது. 2013 இல் போர்ட்லண்ட் கலை அருங்காட்சியகத்தின் முன்பிருந்து பயணம் தொடங்கிற்று. அப்போது அங்கு மிதிவண்டி வடிவமைப்புக் கண்காட்சி ஒன்று நடைபெற்றுக்கொண்டிருந்தது. பயண நாளன்று அதற்கான நுழைவுக் கட்டணத்தை, வருவோர் அணிந்திருக்கும் ஆடை ஒன்றுக்கு ஒரு டாலர் என அருங்காட்சியகம் அறிவித்தது.

இலண்டனும் பிரைட்டனும்: இலண்டன் பயணம் தொடக்க ஆண்டுகளில் ஹைட் பூங்காவிலிருந்து புறப்பட்டது. கூட்டம் பெருகிய பின் நகரின் பல மூலைகளிலிருந்தும் புறப்பட்டு நடு இலண்டனில் ஒன்றுசேரும் முறை வந்தது. நாடாளுமன்றக் கட்டடமும் பிக்காடிலி சதுக்கமும் வழியில் அமைவதால் சுற்றுலாப் பயணிகளின் நிழற்படக் கருவிகளுக்கு இது தப்புவதில்லை. பிரைட்டன் நகரில் 2006 முதல் நடைபெறும் பயணம் கடற்கரை நகருக்கேற்ப வேறு வகையானது. அங்கு 1980 முதலே நிர்வாணக் குளியலுக்கென ஒதுக்கப்பட்ட கடற்கரைப் பகுதி ஒன்று உண்டு. பயணம் அப்பகுதியில் நிறைவுறுவதால், பங்கேற்போர் சட்டத்தைப் பற்றிய கவலையின்றிக் கடலில் இறங்கலாம்.

சாவோ பாவுலோ: 2008 இல் தொடங்கிய இப்பயணம் நகரின் முதன்மைச் சாலையான பாவுலிஸ்தா நிழற்சாலையில் நடைபெறுகின்றது. ஆடை மிகக் குறைந்த திருவிழாக்களுக்குப் பெயர்பெற்ற நாடு பிரேசில். அங்கும் மிதிவண்டி மீது ஆடையற்ற உடல் தோன்றியபோது காவல்துறை தலையிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

மெக்சிகோ நகரம், லீமா, கேப் டவுன், மெல்பேர்ண், சிகாகோ, மத்ரித் முதலிய நகரங்களிலும் பயணங்கள் நடைபெற்றுள்ளன.

சட்ட நிலை

நிர்வாணம் தன்னளவில் குற்றமா, அல்லது அதன் பின்னுள்ள நோக்கமே குற்றமா என்னும் கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடை தருகின்றன. இப்பயணம் ஓர் ஊரில் நிகழ முடியுமா என்பது பெரும்பாலும் அவ்விடையைப் பொறுத்தே அமைகின்றது.

பயணம் பிறந்த கனடாவில், உரிய காரணமின்றிப் பொது இடத்தில் நிர்வாணமாக இருப்பது குற்றவியற் சட்டத்தின் 174 ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆயினும் தலைமைச் சட்ட அதிகாரியின் ஒப்புதல் இன்றி எவர் மீதும் இப்பிரிவின் கீழ் வழக்குத் தொடர இயலாது. இச்சட்டத்தின் வரலாறு சுவையானது. ரஷ்யாவிலிருந்து 1899 இல் கனடாவில் குடியேறிய, போரை மறுக்கும் தூகபோர் என்ற சமயக் குழுவினருள் 'சுதந்திர மைந்தர்கள்' எனப்பட்ட ஒரு பிரிவினர், அரசின் நிலக் கொள்கையையும் கட்டாயப் பள்ளிக் கல்வியையும் எதிர்த்து 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நிர்வாண ஊர்வலங்கள் நடத்தினர். இவர்களை ஒடுக்குவதற்கென்றே 1931 இல் பொது இட நிர்வாணத்துக்கு மூன்றாண்டுச் சிறை என்னும் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஏறத்தாழ 600 பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களை அடைப்பதற்காகப் பியர்ஸ் தீவில் தனிச் சிறை அமைக்க வேண்டியதாயிற்று. நிர்வாணத்தை எதிர்ப்புக் கருவியாகக் கொண்டவர்களுக்காக எழுதப்பட்ட சட்டம் நிலவும் அதே மாகாணத்தில்தான், எழுபது ஆண்டுகளுக்குப் பின் நிர்வாண மிதிவண்டிப் பயணமும் தோன்றியது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 ஆம் ஆண்டின் பாலியற் குற்றங்கள் சட்டம், பிறருக்கு அச்சமோ மன வேதனையோ விளைவிக்கும் நோக்கத்துடன் பிறப்புறுப்பைக் காட்டுவதையே குற்றம் என்கின்றது. அந்நோக்கம் இல்லாத பயணம் இச்சட்டத்துக்குள் அடங்காது. இதனால் காவல்துறை தடுப்பதற்கு மாறாகப் போக்குவரத்தை ஒழுங்கு செய்வதிலேயே ஈடுபடுகின்றது. எசுப்பானியாவில் 'பொது அவதூறு' என்ற பழைய குற்றப்பிரிவு 1988 இல் நீக்கப்பட்டபின் நாடளாவிய தடை இல்லை. எனினும் நகரங்கள் தாமாகத் தடை விதிக்கலாம்; பார்சிலோனா 2011 இல் அவ்வாறு செய்தது. சான் பிரான்சிஸ்கோ 2012 இறுதியில் பொது இட நிர்வாணத்தைத் தடை செய்தபோது, அனுமதி பெற்ற ஊர்வலங்களுக்கு விலக்கு அளித்தது.

ஒரிகன் மாநிலச் சட்டமும் பாலியல் நோக்கத்தையே அளவுகோலாகக் கொள்கின்றது. ஆனால் போர்ட்லண்ட் நகரத்துக்குத் தனியே ஒரு தடைவிதி உண்டு. 2008 இல் அந்நகரில் நிர்வாணமாக மிதிவண்டி ஓட்டிய ஒருவர் கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் வழக்கை விசாரித்த நீதிபதி, நிர்வாண மிதிவண்டி ஓட்டம் அந்நகரில் நன்கு நிலைபெற்ற மரபாகவும் ஒருவகைக் குறியீட்டு எதிர்ப்பாகவும் ஆகிவிட்டது எனக் கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தார். தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆன ஒரு வழக்கத்தை நீதிமன்றம் 'மரபு' என ஏற்றது இயக்கத்தினருக்கு ஊக்கம் தந்தது.

விமர்சனங்கள்

பொது ஒழுக்கத்துக்கு எதிரானது, குழந்தைகள் நடமாடும் தெருவில் நடத்தத்தகாதது என்ற எதிர்ப்பு எல்லா ஊர்களிலும் எழுகின்றது. இது எதிர்பார்க்கக்கூடியதே. இதைவிட ஆழமான விமர்சனம் மிதிவண்டி ஆர்வலர்களிடமிருந்தே வருகின்றது. வழியோரம் நிற்கும் மக்கள் உடல்களைப் பார்க்கின்றனர், முழக்கங்களைப் படிப்பதில்லை. மறுநாள் செய்தியிலும் நிழற்படமே இடம்பெறுகின்றது, எரிபொருளைப் பற்றியோ மிதிவண்டித் தடங்களைப் பற்றியோ ஒரு வரியும் இருப்பதில்லை என்பது அது. கூட்டம் பெருகப் பெருக, எதிர்ப்புக்காக வருவோரின் விகிதம் குறைந்து கேளிக்கைக்காக வருவோரின் விகிதம் கூடுகின்றது என்றும் கூறப்படுகின்றது.

இதற்கு அமைப்பாளர்கள் தரும் மறுமொழி, ஆடையுடன் ஆயிரம் பேர் மிதிவண்டியில் சென்றால் நாளிதழில் ஒரு பத்தியும் வராது என்பது. இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. கவனத்தை ஈர்க்கும் அதே பொருள் கவனத்தைத் திசை திருப்பவும் செய்கின்றது. உடலின் மீதே முழக்கத்தை எழுதும் வழக்கம் இச்சிக்கலுக்குக் கண்ட ஒரு தீர்வாகக் கொள்ளத்தக்கது.

நிழற்படம் மற்றொரு சிக்கல். 2004 இல் ஒருவரின் படம் நாளிதழில் வந்து மறையும். கைபேசிக் கருவிகளும் சமூக ஊடகங்களும் பெருகிய பின், பங்கேற்றவரின் படம் அவர் அறியாமலே நிலையாகத் தங்கிவிடுகின்றது. முகத்தில் வண்ணம் பூசுவதும் முகமூடி அணிவதும் இதனால் பெருகின. பெண்களே இதனால் மிகுதியும் தயங்குகின்றனர் என்றும், பல நகரங்களில் ஆண்களின் எண்ணிக்கை விஞ்சி நிற்க இதுவும் ஒரு காரணம் என்றும் சுட்டப்படுகின்றது.

பிற நிர்வாணப் போராட்டங்களுடன் ஒப்பீடு

11 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகர மக்கள் மீதான வரியை நீக்கும்பொருட்டுக் கொடைவா சீமாட்டி ஆடையின்றிக் குதிரையில் சென்றதாக வழங்கும் கதை, இப்பயணத்தோடு அடிக்கடி ஒப்பிடப்படுகின்றது. அது வரலாறாக நிறுவப்படாத கதை.

இந்தியாவில் நிகழ்ந்த நிர்வாணப் போராட்டங்களின் தன்மை முற்றிலும் வேறு. முதல் உலகப் பயணம் நடந்து ஒரு மாதம் கழித்து, 2004 ஜூலை 15 அன்று மணிப்பூரின் இம்பால் நகரில், ஓர் இளம்பெண்ணின் கொலைக்கு நீதி கோரி 12 பெண்கள் கங்லா கோட்டையின் வாயிலில் ஆடை களைந்து நின்றனர். 2017 ஏப்ரலில் வறட்சி நிவாரணமும் கடன் தள்ளுபடியும் கோரித் தில்லியில் போராடிய தமிழக விவசாயிகளுள் சிலர் பிரதமர் அலுவலகம் அருகே ஆடையின்றி ஓடினர். இவர்கள் வேறு வழியற்ற நிலையில் இருந்தவர்கள். அவர்களது நிர்வாணம் துயரத்தின் வெளிப்பாடு. மிதிவண்டிப் பயணமோ கொண்டாட்டத்தை எதிர்ப்பின் வடிவமாகக் கொண்டது. பெயரொப்புமை கொண்டு இவற்றை ஒரே வகையில் அடக்குதல் பொருந்தாது.

2020க்குப் பின்

கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக 2020 இல் பல நகரங்கள் கூட்டுப் பயணத்தைக் கைவிட்டன. போர்ட்லண்டில் விரும்புவோர் தனித்தனியே ஓட்டுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். 2021 ஆகஸ்ட் இறுதியில் பிலடெல்பியாவில் பயணம் மீண்டும் தொடங்கியபோது, பங்கேற்போர் முகக்கவசம் அணிய வேண்டும் என அமைப்பாளர்கள் அறிவித்தனர். எதையும் அணிய வேண்டாத பயணத்தில் அவ்வாண்டு கட்டாயமாக அணிய வேண்டியிருந்தது அது ஒன்றே.

2025 அக்டோபர் 12 அன்று போர்ட்லண்டில் வழக்கத்துக்கு மாறான காலத்தில் 'அவசர' நிர்வாண மிதிவண்டிப் பயணம் ஒன்று நடைபெற்றது. அந்நகருக்குத் தேசியக் காவற்படையை அனுப்பும் அமெரிக்கக் கூட்டரசின் முயற்சியை எதிர்த்து இது நடத்தப்பட்டது. கோடை முடிந்து மழையும் குளிருமாக இருந்த நாள் அது. சிலர் கூடுதல் ஆடை அணிந்தும், சிலர் தொப்பியும் பொய்முடியும் மட்டும் அணிந்தும் குடிவரவுத் துறையின் கட்டடம் வரை மிதிவண்டியில் சென்றனர்.